வீட்டின் அடியில் விழித்திருக்கும் காவலன்

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறொன்றும் இல்லை. வானம் பொழியும் நீரைச் சுண்ணக்கற் பாறை தன்னுள் வாங்கி வைத்திருக்கிறது. நாம் கிணறு தோண்டி அதனை மேலே கொணர்கிறோம். துலா மிதித்த காலம் முதல் மின்பம்பி பூட்டிய காலம் வரை, நிலத்தைத் தோண்டுவது நீரைத் தேடியே என்பது நம் அனுபவம். ஆனால், நம் பிள்ளைகள் பலர் இன்று வாழும் கனடா நாட்டிலோ நிலைமை நேர்மாறானது. அங்கு வீடு கட்டுவோர் நிலத்தைத் தோண்டுகின்றனர். தோண்டிய இடத்தில் மனிதர் வாழ்கின்றனர். அவ்விடத்தை நாடி வரும் நீரை வெளியே தள்ளுவதற்கென ஓர் இயந்திரத்தை வைக்கின்றனர்!

அந்த இயந்திரத்தைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம். ‘கனடாவிலுள்ள இயந்திரம் பற்றி நமக்கென்ன?’ என்று வாசகர் வினவக்கூடும். நம் குடும்பங்களுள் ரொறன்ரோவிலோ, ஸ்காபரோவிலோ, மார்க்கத்திலோ ஒரு பிள்ளையேனும் இல்லாத குடும்பம் அரிது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கு செல்லும் பெற்றோரும் பலர். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்ற பின்னர், பகற்பொழுதில் அவ்வீட்டில் தனித்திருப்போர் இம்முதியோரே. கோடைமழை கொட்டும்போது, வீட்டின் அடியில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்து நடக்க வேண்டியவர்களும் இவர்களே. ஆகவே, இதனை அறிந்திருத்தல் நமக்கும் கடனாகிறது.

உறைபனி தந்த அறை

வெப்பநாட்டவராகிய நமக்கு நிலக்கீழ் அறை புதுமையானது. அங்குள்ளோருக்கோ அது தேவையினாற் பிறந்தது. குளிர்காலத்தில் ரொறன்ரோப் பகுதியில் நிலத்தின் மேற்பரப்பு மட்டுமன்றி, அடியிலுள்ள மண்ணும் உறைகிறது. நீர் உறையும்போது பருத்து விரியும். விரியும் நீர் மண்ணையும், மண்ணின் மேல் நிற்கும் சுவரையும் தூக்கிவிடும். எனவே, உறைபனி எட்டாத ஆழத்திலேயே வீட்டின் அத்திவாரம் அமைதல் வேண்டும். அப்பகுதியில் இவ்வாழம் ஏறத்தாழ 1.2 மீற்றர், அதாவது 4 அடி எனக் கொள்ளப்படுகிறது. இத்தனை ஆழம் தோண்டியே ஆகவேண்டுமெனில், இன்னும் சிறிது தோண்டினால் ஒரு முழு மாடியே கிடைத்துவிடும் அன்றோ? இவ்வாறு எழுந்ததே நிலக்கீழ் அறை.

தொடக்கத்தில் வீட்டை வெப்பமூட்டும் உலையும், சுடுநீர்க் கலனும், உடுப்புத் தோய்க்கும் இயந்திரமுமே அங்கு இடம்பெற்றன. காலப்போக்கில் படுக்கையறை, சமையலறை, தனி வாயில் என யாவும் அமைந்து, அது வாடகைக்கு விடும் தனிவீடாகவும் மாறியது. 1983ஆம் ஆண்டின் துயர நிகழ்வுகளுக்குப் பின்னர் அங்கு சென்றடைந்த நம்மவர் பலருக்கு, அந்நாட்டில் முதன்முதல் தலைசாய்க்க இடம் தந்தது இத்தகைய நிலக்கீழ் அறையே. இன்றும் புதிதாகச் செல்லும் மாணவரும், இளங்குடும்பத்தினரும் குறைந்த வாடகையை எண்ணி அங்கேயே குடிபுகுகின்றனர். ஆகவே, நிலக்கீழ் அறையில் நீர் புகுந்தது என்று கேள்வியுறும்போது, நனைந்தது கம்பளமும் பழைய பெட்டிகளும் மட்டுமே என எண்ணிவிடலாகாது. ஒரு குடும்பத்தின் முழு வாழ்வும் அங்கு இருக்கக்கூடும்.

நீர் வரும் வழி

வீடு கட்டுவதற்காகத் தோண்டும் குழி வீட்டை விடச் சற்று அகலமாகவே இருக்கும். சுவர் எழுந்த பின்னர் அந்த இடைவெளியை மண்ணிட்டு நிரப்புவர். இவ்வாறு நிரப்பிய மண் எத்தனை ஆண்டுகள் சென்றாலும், சுற்றியுள்ள இறுகிய களிமண்ணைவிட இளக்கமாகவே இருக்கும். மழைநீரும், பங்குனி சித்திரை மாதங்களில் உருகும் பனிநீரும் இந்த இளகிய மண்ணில் எளிதில் இறங்கி, அப்பால் செல்ல வழியின்றித் தேங்குகின்றன. களிமண்ணாற் செய்த ஒரு கிண்ணத்தினுள் வீடு அமர்ந்திருக்கிறது எனக் கருதினால் நிலைமை விளங்கும்.

தேங்கிய நீர் வாளாவிருப்பதில்லை. அது சுவரை அழுத்துகிறது. கொங்கிறீற்றில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தாலும் போதும். அதன் வழியே கசிகிறது. நிலத்தளத்தின் அடியிலிருந்தும் மேல்நோக்கி அழுத்துகிறது. இதனைத் தடுப்பதற்காக, அத்திவாரத்தின் அடியொட்டி வீட்டைச் சுற்றிலும் துளைகளுள்ள ஒரு குழாயைப் பதித்து, அதன்மேல் சரளைக்கல் இடுகின்றனர். முற்காலத்தில் சுட்ட களிமண் ஓட்டுக் குழாய்கள் இதற்குப் பயன்பட்டன. இக்காலத்தில் 4 அங்குல விட்டமுள்ள பிளாஸ்ரிக் குழாய்களே பதிக்கப்படுகின்றன. தேங்கும் நீர் துளைகளின் வழியே குழாயினுட் புகுந்து, சரிவை நோக்கி ஓடுகிறது. இவ்வாறு ஓடி வரும் நீர் வந்து சேரும் இடமே நிலக்கீழ் அறையின் ஒரு மூலையிலுள்ள நீர்சேர்குழி. அக்குழியில் நின்று நீரை வெளியே தள்ளும் இயந்திரமே, அங்குள்ளோர் ‘சம்ப் பம்ப்’ என்று வழங்கும் பம்பி.

குழியும் அதன் உறுப்புகளும்

குழி பெரிதன்று. ஏறத்தாழ ஒன்றரை அடி அகலமும், இரண்டடி ஆழமும் உடைய பிளாஸ்ரிக் தொட்டியொன்று நிலத்தளத்திற் புதைந்திருக்கும். அதன்மேல் இறுக்கமான மூடி இருத்தல் வேண்டும். குழந்தைகள் தவறி விழாதிருக்கவும், மண்ணிலிருந்து எழும் ஈரமும் வாயுக்களும் வீட்டினுள் பரவாதிருக்கவும் அம்மூடி அவசியமானது.

குழியினுள்ளே நான்கு உறுப்புகளை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, மோட்டாரும் சுழலியும் சேர்ந்த பம்பி. வீடுகளில் பெரும்பாலும் மூன்றிலொரு குதிரைவலு அல்லது அரைக் குதிரைவலு கொண்டதே பொருத்தப்படுகிறது. பத்தடி உயரத்துக்கு நிமிடத்தில் 100 லீற்றருக்குக் குறையாத நீரைத் தள்ள வல்லது அது. நம் தோட்டப் பம்பிகளைப் போல, அதற்கு நீர் ஊற்றி உயிர்ப்பூட்ட வேண்டியதில்லை. நீரினுள்ளேயே அமர்ந்திருப்பதால், நீரே அதன் மோட்டாரைக் குளிர்விக்கிறது. நீரின்றி வெறுமனே ஓடுமாயின் அது சூடேறிக் கெடும்.

இரண்டாவது, மிதவை ஆளி. நீர் உயர உயரும் தாமரையைப் போல இம்மிதவை நீர்மட்டத்தோடு எழுகிறது. குறித்த உயரத்தை எட்டியதும் மின்னோட்டத்தை இணைக்கிறது. நீர் வற்றித் தாழ்ந்ததும் துண்டிக்கிறது. மனிதர் உறங்கினும் இது உறங்குவதில்லை. பம்பிக்கு நேரும் கோளாறுகளுட் பெரும்பாலானவை இந்த எளிய மிதவையிலேயே தோன்றுகின்றன என்பது குறித்துக்கொள்ளத்தக்கது.

மூன்றாவது, ஒருவழி வால்வு. நம் தோட்டக்காரர் கிணற்றுக் குழாயின் அடியிற் பொருத்தும் ‘ஃபுட் வால்வு’க்கு இது உடன்பிறப்பு எனலாம். பம்பி நின்றதும் குழாயில் எஞ்சிய நீர் மீண்டும் குழிக்குள் விழாதவாறு இது தடுக்கிறது.

நான்காவது, வெளியேற்றுங் குழாய். இது சுவரைத் துளைத்து வெளியே சென்று, வீட்டிலிருந்து விலகிய இடத்தில் நீரைக் கொட்டுதல் வேண்டும். அத்திவாரத்தினின்று ஏறத்தாழ 2 மீற்றர் தூரமாவது செல்லாவிடின், கொட்டிய நீரே மீண்டும் மண்ணிலிறங்கிக் குழிக்கு வந்து சேரும். ஒரே நீரை ஓயாது இறைத்துக்கொண்டிருக்கும் வீண்வேலையாக அது முடியும்.

வேண்டிய வேளையிற் கைவிடும் காவலன்

இத்துணை நுட்பமாக அமைந்த பாதுகாப்பில் ஒரு பெருங்குறை உண்டு. இக்காவலன் உண்பது மின்சாரம். பெருமழை பெய்யும் வேளையிலேயே மின்சாரமும் அற்றுப்போகிறது! எப்பொழுது அவன் மிகவும் வேண்டப்படுகிறானோ, அப்பொழுதே அவன் பட்டினி கிடக்கிறான்.

2013ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் மாலை ரொறன்ரோவில் பெய்த மழை இதற்குச் சான்று. பியர்சன் விமான நிலையத்தில் அன்று 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. 1954ஆம் ஆண்டு ஹேசல் சூறாவளி வீசிய நாளிற் பெய்த மழையையும் அது விஞ்சியது. ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. மீண்டும் 2024ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள், அதே விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர் மழை பெய்தது. அன்றும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. இந்நாட்களில், எக்குறையும் இல்லாத புதிய பம்பியும் மின்சாரமின்றி வெறும் இரும்பே.

ஆகையால், மாற்று ஏற்பாடு ஆடம்பரமன்று, அத்தியாவசியம். அதே குழியில் இரண்டாவதாக ஒரு சிறு பம்பியை வைத்து, அதனை 12 வோல்ற்றுப் பற்றரியினால் இயக்குவது பலரும் மேற்கொள்ளும் வழி. மின்சாரம் நின்றதும் இது தானாகவே வேலையை ஏற்கும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது பற்றரியின் கொள்ளளவையும், நீர் வரும் வேகத்தையும் பொறுத்தது. மோட்டார் வாகனத்தின் பற்றரி இதற்கு ஏற்றதன்று. அது ஒரு கணத்தில் மிகுந்த வலுவைத் தந்து ஓய்வதற்கென ஆக்கப்பட்டது. மெதுவாகவும் நீண்டநேரமும் மின்சாரம் தரவல்ல பற்றரியே தேவை. அதனையும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும்.

மின்பிறப்பாக்கி வைத்திருப்போர் ஒன்றை உயிரெனக் கருதுக: அதனை வீட்டினுள்ளோ, நிலக்கீழ் அறையிலோ, வாகனக் கொட்டகையிலோ ஒருபோதும் இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே அது கொண்டுபோகும்.

நோயும் அதன் குறிகளும்

பம்பியின் நோயை அதன் ஒலியைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம். ஆனால், முன்னதாக ஒரு விதி. கையைக் குழிக்குள் விடுமுன் மின்செருகியைக் கழற்றிவிடுக. நின்றிருக்கும் தரையும், தொடும் கையும் உலர்ந்திருக்கட்டும். தரை ஈரமாயின், நாம் கீழே கூறுபவை எவற்றையும் தாமே செய்து பார்க்க வேண்டா.

நீர் நிறைந்தும் பம்பி ஒலியின்றி இருக்குமாயின், செருகி கழன்றுள்ளதா, மின்பலகையிற் சுற்றுடைப்பான் விழுந்துள்ளதா என முதலிற் பார்க்க. துப்புரவு செய்வோர் பிற கருவி ஒன்றுக்காகச் செருகியைக் கழற்றிவிட்டு மறந்துபோவதும் உண்டு. இரண்டும் சரியாயின், மிதவையை நோக்குக. அது குழியின் சுவரிலோ, தன் சொந்த வடத்திலோ சிக்கி எழமுடியாமற் கிடக்கலாம். பல பம்பிகளில் இரு செருகிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுவரிற் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று மிதவையினுடையது, மற்றது பம்பியினுடையது. மிதவையின் செருகியை விலக்கிப் பம்பியின் செருகியை நேரே சுவரில் சில நொடிகள் பொருத்தினால், நோய் யாருக்கு என்பது வெளிப்படும். பம்பி ஓடினால் மோட்டார் நலமாயுள்ளது. குறை மிதவை ஆளியிலேயே. புதிய ஆளி பெரும் விலையன்று. ஓடாவிடின், மோட்டாரே கெட்டது எனலாம்.

பம்பி முனகுகிறது; ஆனால் நீர் குறையவில்லை. அவ்வாறாயின் சுழலியிற் கல்லோ துணியோ சிக்கியிருக்கலாம். குளிர்காலமாயின் வெளிக்குழாயின் வாயில் பனி உறைந்து அடைத்திருக்கலாம். ஒருவழி வால்வு திறவாது ஒட்டியிருக்கலாம். வேறொரு காரணமும் உண்டு. நீர் வற்றியபோது பம்பியினுள் காற்று புகுந்து தங்கினால், சுழலி காற்றையே கடைந்துகொண்டிருக்கும். இதனை நீக்குவதற்காகவே வால்வுக்குக் கீழே குழாயில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு துளை இடுவது வழக்கம். பம்பி ஓடும்போது அத்துளையினின்று நீர் பீறிடுவதைக் கண்டு, ‘குழாய் ஓட்டை’ என்று அதனை அடைத்துவிடுவோரும் உளர். அது ஓட்டையன்று; மூச்சுத்துளை!

பம்பி ஓயாமல் ஓடுகிறது. மிதவை மேலேயே சிக்கி நிற்கலாம். அல்லது வெளியே கொட்டும் நீர் அருகிலேயே கொட்டித் திரும்பி வரலாம். பனி உருகும் நாட்களில் நிலத்தடி நீர் மிகுவதாலும் இவ்வாறு ஓடுவது உண்டு. மழையோ பனியோ இல்லாத வறட்சிக் காலத்திலும் ஓயாது ஓடுமாயின், எங்கோ ஒரு குடிநீர்க் குழாய் வெடித்துள்ளதா என ஐயுறுதல் தகும்.

சில நொடி ஓடி, நின்று, மீண்டும் சில நொடி ஓடுகிறது. ஒருவழி வால்வு பழுதடைந்து, தள்ளிய நீரில் ஒரு பகுதி திரும்ப விழுகிறது என்பதே இதன் பொருள். அல்லது மிதவை அசையும் தூரம் மிகவும் குறுகிவிட்டது. அடிக்கடி தொடங்கி நிற்பதே மோட்டாரின் ஆயுளை அனைத்திலும் விரைவாகக் குறைப்பதாகும்.

பம்பி நிற்கும்போது ‘தட்’ என்று பேரொலி எழுந்தால் அஞ்சவேண்டியதில்லை. வால்வு சட்டெனச் சாத்திக்கொள்ளும் ஓசை அது. மெதுவாகச் சாத்தும் வகை வால்வை மாற்றினால் அடங்கும். குழியிற் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான படலம் காணப்பட்டாலோ, நிலத்தடி நீரிலுள்ள இரும்பினால் வளரும் நுண்ணுயிர்களின் செயல் அது. அப்படலம் குழாய்த் துளைகளை அடைக்க வல்லது. ஆதலின் குழியை அடிக்கடி கழுவுதல் நன்று.

இருவகை நீர், இருவகைக் காவல்

இங்கு ஒரு மயக்கத்தையும் நீக்கவேண்டியுள்ளது. நிலக்கீழ் அறையில் நீர் நிற்பதைக் கண்டதும் பம்பியைப் பழிப்பது வழக்கம். ஆனால் நீர் இரு வழிகளில் வரக்கூடும். ஒன்று, மண்ணிலிருந்து கசியும் நிலத்தடி நீர், இதற்கே பம்பி. மற்றையது, பெருமழையில் நகரின் கழிவுநீர்க் குழாய் நிரம்பி வழிந்து, வீட்டுக் குழாய்களின் வழியே பின்னோக்கி ஏறும் அழுக்கு நீர். இது தரையிலுள்ள வடிகால் வாயிலிலும், மலகூடத்திலும் பொங்கி எழும். இதனைப் பம்பி தடுக்காது. பின்னீர் தடுப்பு வால்வு என்னும் வேறொரு சாதனமே தடுக்கும். நீர் எவ்வழியே வந்தது என்று கண்டறியாமல் பணத்தைச் செலவிடுதல், காய்ச்சலுக்குக் கண்மருந்து இடுவதை ஒக்கும்.

ரொறன்ரோ மாநகர சபை இச்சாதனங்களைப் பொருத்தும் வீட்டு உரிமையாளருக்கு உதவித்தொகை வழங்கும் திட்டமொன்றை நடத்துகிறது. வேலையைத் தொடங்குமுன் அதன் விதிகளைக் கேட்டறிதல் நலம். காப்புறுதியைப் பற்றியும் ஒரு சொல். பொதுவான வீட்டுக் காப்புறுதியில் கழிவுநீர் பின்னேறுதலும், வெள்ளம் புகுதலும் தாமாகவே அடங்கிவிடுவதில்லை. அவற்றுக்கெனத் தனிப்பிரிவுகளைக் கேட்டுச் சேர்த்தல் வேண்டும். வாடகைக்கு இருப்போரின் உடைமைகளை உரிமையாளரின் காப்புறுதி காக்காது என்பதையும் அவர்கள் அறிந்திருக்கட்டும்.

ஆண்டுக்கு நான்கு வாளி நீர்

பம்பியைப் பேணுதற்கு அறிஞர் எவரும் வேண்டியதில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு பெரிய வாளி நீரைக் குழியினுள் மெதுவாக ஊற்றுக. ஒரு வாளி போதாவிடின் மற்றொன்றும் ஊற்றுக. மிதவை எழவேண்டும், பம்பி ஓடவேண்டும், வெளியே சென்று பார்த்தால் குழாயின் வாயில் நீர் கொட்டவேண்டும், பின்னர் தானாகவே நிற்கவேண்டும். இந்நான்கும் நிகழ்ந்தால் காவலன் நலமாயுள்ளான். பனி உருகத் தொடங்குமுன் இச்சோதனையைத் தவறாது செய்தல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை செருகியைக் கழற்றி, பம்பியை வெளியே எடுத்து, அடியிலுள்ள வடிதட்டையும் குழியின் அடிச்சேற்றையும் கழுவுக. குளிர்காலம் வருமுன், வெளிக்குழாயில் நீர் தேங்கி உறையாதவாறு சரிவு உள்ளதா எனக் காண்க. கூரைநீர்க் குழாய்கள் அத்திவாரத்தருகே கொட்டுகின்றனவா என்பதையும் நோக்குக. கூரைநீரை விலக்கினாலே குழிக்கு வரும் நீரிற் பெரும்பகுதி குறையும். நீர் பட்டதும் ஒலியெழுப்பும் சிறு எச்சரிக்கைக் கருவியொன்றைக் குழியருகே வைத்தலும் நன்று. பம்பி ஏழு முதல் பத்து ஆண்டுகள் உழைக்கும். அதன்பின் அது பழுதடையும் வரை காத்திராமல் மாற்றுவதே அறிவுடைமை.

உயிரே முதன்மை

இத்தனையும் செய்தும் நீர் புகக்கூடும். அவ்வேளையில் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றே: பொருளைப் பின்னர் தேடலாம், உயிரைத் தேட இயலாது.

2021ஆம் ஆண்டு செப்தெம்பர் 1ஆம் நாள் இரவு, ஐடா சூறாவளியின் எச்சம் நியூயோர்க் நகரின்மேற் பெருமழையாய் இறங்கியது. ஒரே மணி நேரத்தில் ஏறத்தாழ 80 மில்லிமீற்றர் மழை அங்குப் பதிவாயிற்று. அந்நகரில் உயிரிழந்த 13 பேருள் 11 பேர் நிலக்கீழ் வீடுகளில் இருந்தோர். பெரும்பாலானோர் குயின்ஸ் பகுதியினர். புலம்பெயர்ந்து வந்து, குறைந்த வாடகையைத் தேடி அங்கே குடியிருந்த குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. படிக்கட்டின் வழியே நீர் பாயும்போது, வெளிப்புறமிருந்து தள்ளும் நீரின் சுமையைத் தாண்டிக் கதவைத் திறத்தல் வலியவருக்கும் அரிது. பம்பிகள் அத்தகைய வெள்ளத்தைத் தாங்குவதற்காக ஆக்கப்பட்டவை அல்ல. கசியும் நீருக்கே பம்பி. பாயும் நீருக்கு ஓட்டமே வழி.

எனவே, கடும்மழை எச்சரிக்கை வெளியாகும் இரவுகளில் நிலக்கீழ் அறையில் உறங்குவோர் மேல்தளத்துக்கு வந்துவிடுதல் வேண்டும். நீர் வரத் தொடங்கியதும் பெட்டிகளையும் கணினியையும் தூக்கி வைக்க முயன்று நேரத்தை இழக்கலாகாது. மின்செருகிகளின் உயரத்தை நீர் எட்டியிருந்தால், அந்நீரிற் காலடி வைத்தலும் ஆபத்து. அந்நாட்டு வீட்டு மின்சாரம் 120 வோல்ற்றாயினும் உயிரைப் போக்க அது போதும். மின்பலகை நீருக்கு அப்பால் இருந்தால் அதனை நாடி நடக்க வேண்டா. மின்சபைக்கு அறிவித்து வெளியிலிருந்து துண்டிக்கச் செய்க. எரிவாயுவின் வாடை வீசினால் உடனே வீட்டை விட்டு வெளியேறுக. உயிராபத்தெனில் 911 என்னும் எண்ணை அழைத்தல், அங்கு செல்லும் ஒவ்வொரு பாட்டனும் பாட்டியும் கற்றிருக்க வேண்டிய முதற்பாடம்.

வெள்ளம் வடியும்போதும் அவசரம் ஆகாது. அறை நிறைய நீர் நிற்குமாயின், ஒரே நாளில் முழுவதையும் இறைத்தல் தவறு. வெளியே மண் நீரில் ஊறிச் சுவரை அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளிருக்கும் நீரே எதிர்நின்று அச்சுவரைத் தாங்குகிறது. அதனைத் திடீரென அகற்றினால் சுவர் உள்நோக்கிச் சரியலாம். நாளொன்றுக்கு மூன்றிலொரு பங்காக இறைப்பதே பாதுகாப்பானது. சிறிதளவே நீர் புகுந்திருந்தாலோ விரைவு வேண்டும். நனைந்த கம்பளத்திலும் சுவர்ப்பலகையிலும் ஓரிரு நாட்களிற் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அது குழந்தைகளின் மூச்சுக்கு ஊறு செய்யும்.

மேல்வீடும் கீழ்வீடும்

இறுதியாக, இயந்திரத்தைக் கடந்த ஒன்றையும் கூறியாக வேண்டும். மேல்தளத்தில் வாழ்பவர் உரிமையாளர். கீழே வாழ்பவர் வாடகைக் குடும்பத்தினர். பம்பியின் விலையைச் செலுத்த வேண்டியவர் மேலே இருக்கிறார். பம்பி நின்றால் நனைபவர் கீழே இருக்கிறார். இவ்விடைவெளியிலேயே பெரும்பாலான தீங்குகள் பிறக்கின்றன. ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்று உரிமையாளர் தள்ளிப்போடுவது தம் பணத்தை மட்டுமன்று. பிறர் குழந்தையின் உறக்கத்தையும் சேர்த்தே. கீழே வாழ்பவரோ, ‘வீட்டுக்காரர் கோபிப்பார், வேறு இடம் பார்க்கச் சொல்வார்’ என்றஞ்சி, சுவரில் ஈரம் படர்வதைக் கண்டும் வாய்திறவாதிருக்கின்றார். அந்த மௌனமும் நன்றன்று.

அங்கு வீடு வாங்கி வாழும் நம் பிள்ளைகளுட் பலர், ஒரு காலத்தில் தாமே கீழ்வீட்டில் வாழ்ந்தவர்கள். அந்நாட்களை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கீழே உறங்குவோர் வெளியேறத் தடையற்ற வழி இருக்கிறதா? சாளரம் ஒரு மனிதர் ஏறி வெளிச்செல்லும் அளவுக்குத் திறக்கிறதா? நள்ளிரவில் நீர் வந்தால் மேல்வீட்டுக் கதவைத் தட்டலாம் என்ற துணிவு கீழிருப்போர்க்கு உண்டா? பம்பியைச் சோதிப்பதோடு இவற்றையும் சோதித்துக்கொள்ளல் உரிமையாளரின் கடமையாகும்.

அன்பார்ந்த பெற்றோரே, அடுத்த முறை கனடாவிலிருந்து அழைப்பு வரும்போது, உடல்நலத்தையும் பேரப்பிள்ளைகளின் படிப்பையும் விசாரித்தபின், இன்னும் இரு கேள்விகள் கேளுங்கள்: “பிள்ளை, உங்கள் வீட்டில் அந்தக் குழி எந்த மூலையில் இருக்கிறது? கடைசியாக எப்போது அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாய்?” மறுமுனையிற் சிறிது நேரம் மௌனம் நிலவுமாயின், அழைப்பை முடிக்குமுன்னரே வாளியை எடுக்கச் சொல்லுங்கள்.